துரைக்குத் தமிழ் தெரியாது

1942 ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரபானு வருடம் இன்று பிறந்தது. ஊரெல்லாம் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டுவண்டியிலிருந்து இறங்கினேன். சங்குமேட்டுக்குப்பம் என்பது கடல், மணல், முப்பது நாற்பது குடிசை, அவற்றின் மேல் ஒரு மீன் நாற்றம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், விசாகப்பட்டினத்தில் போட்டான், அடுத்தது சங்குமேட்டுக்குப்பம்தான் என்று டில்லியில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தாலுகா ஆபீஸ் இரண்டாம் குமாஸ்தாவான என்னை ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக அனுப்பிவைத்தவர் எங்கள் தாசில்தார். "சபாநாயகம் பிள்ளைக்கு இங்கிலீஷ் பிரமாதமாக வரும்" என்று சிபாரிசில் எழுதினாராம். அது அவருக்குப் பிடிக்காது என்பதை எழுதவில்லை. பூண்டு வாசனையே ஆகாத சைவக் குடும்பத்தில் பிறந்தவன், இனிக் கருவாட்டுக்கு நடுவே குடித்தனம் நடத்த வேண்டும்.

ஏப்ரல் 16

கேப்டன் பர்விஸ் துரைக்கு ஐம்பது வயது இருக்கலாம். சண்டைக்கு முன்பு வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மானேஜர். இருபது வருடம் இங்கே இருந்து அவர் கற்றுக்கொண்ட தமிழ்: வா, போ, சீக்கிரம், மடையன். இதை வைத்துக்கொண்டே ஒரு மலையைக் கட்டி ஆண்டிருக்கிறார். இப்போது கடலை ஆளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். துணைக்கு ஒரு ஹவில்தார், ஏழெட்டுச் சிப்பாய்கள், ஒரு பைனாகுலர்.

துரைக்குக் கடல் என்றாலே வயிற்றைப் புரட்டும். அலையைப் பார்க்காதபடி கூடாரத்தின் வாசலை மேற்கே பார்த்து அடிக்கச் சொன்னார். சாப்பாடு, தகர டப்பாவில் வரும் மத்தி மீன். கரையில் துள்ளத் துள்ள மீன் இறங்குகிறது, இவர் கப்பலில் வந்த டப்பாவைத் திறக்கிறார். எனக்கென்ன, நான் இரண்டையும் தொடுவதில்லை.

ஏப்ரல் 20

மாலையில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தென்பட்டது. சிப்பாய்கள் மணலில் குப்புற விழுந்தார்கள். துரை கைத்துப்பாக்கியை உருவினார். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த செம்பலிங்கம் என்ற செம்படவன் தலையை நிமிர்த்தாமலே, "ஓங்கிலு அய்யா. மீனை வெரட்டிக்கிட்டுப் போவும்" என்றான். நீர்மூழ்கி ஒருமுறை துள்ளிக் குதித்து வாலைக் காட்டியது. நீர்மூழ்கி திரும்பிப் போய்விட்டதாகத் துரையிடம் சொன்னேன். மிகவும் திருப்திப்பட்டார், மேலிடத்துக்கும் எழுதிவிட்டார்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று துரை ஊரைக் கூட்டினார். ஜப்பான்காரன் வந்து இறங்கினால் இந்தப் படகுகளைத்தான் பிடித்துக்கொள்வானாம். ஆகவே படகு, கட்டுமரம் எல்லாவற்றையும் ஒரே நங்கூரச் சங்கிலியில் கோத்துப் பூட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒரு நாட்டையே பிடிக்க வருகிறவன் படகுக்குச் சங்குமேட்டை நம்பி வருவானா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

துரை பேசினார்: "நீங்கள் எல்லோரும் எதிரிக்கு உளவு சொல்லக்கூடியவர்கள். உங்களை ஒரு நிமிடம்கூட நம்பமாட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன்: "துரைக்கு இருபத்துநாலு மணி நேரமும் உங்கள் ஞாபகம்தான்."

ஊர்த்தலைவர் அஞ்சப்ப நாட்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்டார். அதை நான் "தங்கள் உத்தரவைத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் அரிசி கிடைக்குமா என்று பணிவோடு கேட்கிறார்கள்" என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். துரை மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லி முடித்துவிட்டார். பூட்டு அசல் இங்கிலாந்துப் பூட்டு. சாவி துரையின் சட்டைப் பையில்.

துரை தினமும் கடலில் ரோந்து போவதற்காக ஒரு கட்டுமரத்தை மட்டும் வெளியே விட்டிருக்கிறது. அது செம்பலிங்கத்தினுடையது.

மே 4

ஊரில் அடுப்புப் புகை குறைந்துவிட்டது. நண்டு பொறுக்கி எத்தனை நாள் தின்பது. செம்பலிங்கத்தின் மனைவி காத்தாயி மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள். மரம் ஓட்டுவதற்குத் துரை கூலி கொடுக்கிறார், அவள் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிவிடுகிறாள். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

என் அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் அவளிடம் கொடுத்துவிட்டேன். வண்டு அரிசியை எனக்குச் சமைக்கத் தெரியாது.

மே 8

துரை சாயங்காலம் இரண்டு கிளாஸ் விஸ்கி போட்டபின் என்னை எதிரே உட்காரச் சொன்னார். இதுவரை நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். டெவன் என்ற இடத்தில் அவர் தாயார் தனியாக இருக்கிறாராம். அண்ணன் போன சண்டையில் செத்து மெடல் வாங்கியவன், அந்த மெடல் கணப்புக்கு மேல் தொங்குகிறதாம். "பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள், பிள்ளை. இருபத்தைந்து வருடமாகச் சும்மா இருக்கிறது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு என்னை மடையன் என்று திட்டி, விளக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மே 10, ஞாயிறு

துரை செத்துப்போனார்.

காலையில் செம்பலிங்கத்தின் கட்டுமரத்தில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார். தினமும் அப்படித்தான் போவார். போகும்போது பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நனைந்துவிடுமாம். அலை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வடக்கேயிருந்து நம் விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. துரை எழுந்து நின்றார். எத்தனையோ செம்படவர்கள் கட்டுமரத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். பூட்ஸ் காலோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தவர் இவர் ஒருவர்தான். கரையிலிருந்து ஊரே "குந்துங்க, குந்துங்க" என்று கத்தியது. துரைக்குத் தமிழ் தெரியாது.

விழுந்தார். செம்பலிங்கமும் குதித்தான்.

கரையில் நாற்பது ஆம்பிளைகள் படகுகளைத் தள்ள ஓடினார்கள். படகெல்லாம் சங்கிலியில். சாவி, விழுந்தவரின் சட்டைப் பையில். கல்லை எடுத்துப் பூட்டில் போட்டுப் போட்டு அடித்தார்கள். கல்தான் உடைந்தது. நாலைந்து பேர் நீந்திப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டுமரம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

பைனாகுலர் என் கையில்தான் இருந்தது. எல்லாம் நன்றாகத் தெரிந்தது. செம்பலிங்கம் அவரைத் தூக்கித் தலையை நீருக்கு மேலே கொண்டுவந்துவிட்டான். துரை அவன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார், விடவில்லை. மேலே எழுத விருப்பம் இல்லை.

மே 11

துரையைக் கடல் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. செம்பலிங்கத்தைக் கொடுக்கவில்லை.

மே 13

மேஜர் டன்கன் என்பவர் ஜீப்பில் வந்தார். துரையின் உடலைப் பட்டணத்துக்குக் கல்லறைக்கு அனுப்பிவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அறிக்கை எழுதினார். எதிரி நீர்மூழ்கியைத் தன்னந்தனியாகத் துரத்திச் சென்று கேப்டன் பர்விஸ் வீரமரணம். முன்பு நாம் நீர்மூழ்கி என்று எழுதி அனுப்பிய ஓங்கில் இப்போது கைகொடுத்தது. மெடலுக்குச் சிபாரிசும் உண்டு. டெவனில் அந்த ஆணிக்கு வேலை வந்துவிட்டது.

அறிக்கையின் கடைசியில், "கட்டுமரம் ஒன்று, சேதமின்றிக் கரை ஒதுங்கியது" என்று இருக்கிறது. அதில் இன்னொரு ஆளும் போனான் என்று சொன்னேன். "வீரன் தன்னந்தனியாக இருந்தால்தான் பிள்ளை, படிக்க நன்றாக இருக்கும்" என்றார் மேஜர். நல்ல மனிதர்தான். எனக்கு ஒரு சிகரெட்கூடக் கொடுத்தார்.

மே 17

காத்தாயி என்னிடம் வந்து, "நீங்க கண்ணாடில பாத்தீங்களாமே" என்றாள். பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஊரில் வேறு பேச்சு. துரை ஆயுசு முடியாமல் தண்ணீரில் போனவர், கல்யாணம் ஆகாதவர், ஆவி அந்த இடத்தை விட்டுப் போகாது, இனிக் கடலில் இறங்குகிறவனைக் காலைப் பிடித்து இழுக்கும் என்கிறார்கள். உடல் ஒதுங்கிய இடத்தில் செங்கல் அடுக்கி ஒரு பீடம் போட்டுவிட்டார்கள். படையல், சுருட்டு, சாராயம், துரை கூடாரத்தில் மிச்சமிருந்த மத்தி டப்பா. டப்பாவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று அரைநாள் பஞ்சாயத்து நடந்தது.

செம்பலிங்கமும்தான் அதே தண்ணீரில் போனான், அவனுக்கு ஏன் பீடம் இல்லை என்று நாட்டாரைக் கேட்டேன். "அவன் நம்ம பய, அய்யா. நமக்குக் கெடுதி பண்ண மாட்டான். கெடுதி பண்றவருக்குத்தான் படையல்" என்றார். எங்கள் தாலுகா ஆபீஸிலும் இதே முறைதான், ஆகவே சட்டென்று புரிந்தது.

மே 18

என் தலையில் இடி. புதுச் சாமிக்குத் தமிழ் தெரியாதாம். ஊர் வேண்டுவதை யார் எடுத்துச் சொல்வது? குமாஸ்தா அய்யாதான். நான் சைவன், சாராயப் படையல் பக்கமே வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது வருவீர்களே என்கிறார்கள். ஒரு கிழவனின் முழங்கால் வலியையும், ஒருத்தியின் பிரசவத்தையும் இன்று இங்கிலீஷில் சமர்ப்பித்தேன். இலக்கணம் பிசகாமல்தான் சொன்னேன். சாமியானாலும் துரை அல்லவா.

மே 22

மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. பூட்டினால் போதாது, படகு அத்தனையையும் எரித்துவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மேஜர் மண்ணெண்ணெயோடு வருகிறார். நாட்டாரிடம் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகு போனால் இந்த ஊர் பிச்சைக்குத்தான் போக வேண்டும்.

சாயங்காலம் அவரே வந்தார். இந்தச் சர்க்கார் எதைத் தொடாது என்று பொதுவாகக் கேட்டார். நானும் பொதுவாகத்தான் சொன்னேன். சாமி சொத்தைத் தொடாது, தொட்டால் கலகம் வரும் என்று பயம். அப்புறம் செத்துப்போன வெள்ளைக்கார ஆபீசரின் சொத்தைத் தொடாது, அதை வாரிசுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், ராணுவ விதி. யாராவது ஒருவர் இரண்டுமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்படி ஒரு கேஸ் இதுவரை வந்ததில்லை என்றேன். பொது அறிவுக்காகச் சொன்னதுதான், இதில் என் சம்பந்தம் எதுவும் இல்லை. ஊர் சார்பில் ஒரு தானப் பத்திரம் எழுதுவதற்கு என்ன வாசகம் என்று கேட்டார். அதையும் பொதுவாக எழுதிக் கொடுத்தேன்.

மே 25, திங்கள்

துரைக்குப் பதினாறாம் நாள். ஊரே கூடி, படகுகளை எல்லாம் துரைசாமிக்கு எழுதிவைத்துவிட்டது. அடையாளமாக ஒவ்வொரு படகின் மூக்கிலும் சுண்ணாம்பில் ஒரு தொப்பி. பார்ப்பதற்குக் குண்டான் மாதிரி இருந்தது. தொப்பிக்கு விளிம்பு உண்டு என்று திருத்தினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

காத்தாயி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செம்பலிங்கத்தின் கட்டுமரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாட்டார் கெஞ்சினார், பெண்கள் அழுதார்கள். கடைசியில் என்னை அனுப்பினார்கள். ஒரு சொட்டுச் சுண்ணாம்பு, வெயில் காய்ந்தால் உதிர்ந்துவிடும், வயிற்றை நினைத்துப் பார் என்றேன்.

"எம் புருசன் கட்டுன மரம் அய்யா. அதும்மேல அந்தாளு தொப்பி ஏறாது" என்றாள்.

முட்டாள்தனம். இவ்வளவு முட்டாள்தனத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வெயில் அதிகம்.

மே 29, வெள்ளி

மேஜர் பதினெட்டு டின் மண்ணெண்ணெயோடு வந்தார். படகெல்லாம் தொப்பி போட்டு நின்றது. நாட்டார் கைகட்டி, "இதெல்லாம் எங்களுது இல்லீங்க, பர்விசுச் சாமியோடது. நாங்க காவலு" என்றார். இதை மட்டும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

மேஜர் முகம் சிவந்துவிட்டது. பர்விஸ் சாமி கிடையாது, மூன்றாம் தரச் சீட்டாட்டக்காரன் என்றார். பணிவாக எடுத்துச் சொன்னேன்: சாமி என்றால் இது கோயில் சொத்து, ஊர் ஊராகக் காங்கிரஸ்காரர்கள் கூட்டம் போடுகிற சமயத்தில் கோயில் சொத்தைக் கொளுத்தினால் கலெக்டர் தங்களைத்தான் கேட்பார். சாமி இல்லை என்றால் இன்னும் சங்கடம். பத்திரப்படி இது காலமான கேப்டனின் சொத்து, வாரிசு டெவனில் இருக்கும் தாயார். மெடல் வாங்கப்போகும் வீரனின் தாயார் சொத்தை எரிப்பதற்கு அந்த அம்மாளின் கையெழுத்து வேண்டுமே.

மேஜர் மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் என்னையே பார்த்தார். "பிள்ளை, நீ யார் பக்கம்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளன் என்று சொன்னேன். மேலிடத்துக்குத் தந்தி போயிருக்கிறது.

ஜூன் 2

பதில் வந்தது. திருமதி பர்விஸின் சம்மதம் வரும்வரை அவரது படகுகளை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். டெவனுக்குக் கடிதம் போய் வர ஆறு மாதம் ஆகும், கப்பல் மூழ்காமல் இருந்தால். படகு நல்ல நிலையில் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மேஜர் கேட்டார். கடலில் இறக்க வேண்டும், கரையில் கிடந்தால் வெயிலில் பலகை பிளந்துவிடும் என்றார் நாட்டார். மேஜர் சாவியை மணலில் எறிந்துவிட்டு நடந்தார்.

ஊரில் குலவைச் சத்தம். துரை உயிரோடு இருந்து ஒரு நாள்கூட இவர்களுக்கு உதவியதில்லை. என் காலில் விழ வந்தார்கள், எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விரட்டிவிட்டேன்.

ஜூன் 3

மேஜருக்கு உத்தரவை நிறைவேற்றியதாக ஏதாவது எழுதியாக வேண்டும். மண்ணெண்ணெய்க்குக் கணக்குச் சொல்ல வேண்டும். காலையில் கரையோரமாக நடந்து, தொப்பி இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார்.

நான் முந்திக்கொண்டு, அதுவும் சாமியுடையதுதான், சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது என்றேன். மேஜர் காத்தாயியைப் பார்த்து, அப்படியா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கண்ணாலும் ஜாடை காட்டினேன். ஒரு தலையாட்டல் போதும், மேஜருக்கும் அது போதும் போலத்தான் இருந்தது.

"எம் புருசனோடது" என்றாள். மொழிபெயர்க்காமலே மேஜருக்குப் புரிந்துவிட்டது.

உப்புத்தண்ணீரில் ஊறிய மரம், லேசில் பிடிக்கவில்லை. டின் டின்னாக ஊற்றினார்கள். துரை விழுந்த மரம் அது, துரையைக் காப்பாற்றப் போனவனின் மரம். காத்தாயி கடைசிவரை நின்று பார்த்தாள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. எல்லோருடைய படகும் பத்திரமாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். வெட்கமாக இருக்கிறது.

உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று மேஜர் எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் 4, வியாழன்

விடியும் முன்பே படகுகள் கடலில் இறங்கிவிட்டன. மதியம் நல்ல மீன்பாடு. கருவாட்டுப் பந்தலெல்லாம் மறுபடி நாறுகிறது, மகிழ்ச்சி. முதல் கூடையைப் பீடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நன்றி சொல்லச் சொன்னார்கள், இங்கிலீஷில் சொன்னேன்.

கூட்டம் கலைந்தபின் காத்தாயி வந்தாள். கையில் படையல் எதுவும் இல்லை. பீடத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"தொரைக்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. பூசி மொழுவாதீங்க."

சரி என்றேன்.

"தண்ணில வுழுந்தவங்கள எத்தனயோ பேர எம் புருசன் கொண்டாந்து சேத்திருக்காரு. கைய வுட்டுட்டு மெதந்தாப் போதும். ஏன் இவரு அவரு கழுத்தக் கட்டிக்கிட்டாருன்னு கேளுங்க. வுடச் சொல்லி அவரு கத்துனாரா, அது இவருக்குக் கேட்டுச்சான்னு கேளுங்க."

என் வேலையில் ஒரே ஒருமுறை தவிர நான் எதையும் அப்படியே சொன்னது கிடையாது. இந்தப் பக்கத்துக் கோபத்தைக் கழுவி அந்தப் பக்கம் கொடுப்பேன், அந்தப் பக்கத்துத் திமிரைக் கழுவி இந்தப் பக்கம் கொடுப்பேன். இன்று ஒரு வார்த்தையும் விடாமல் அந்தச் செங்கல்லைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டேன். இரண்டு முறை நிறுத்தித்தான் முடிக்க முடிந்தது.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

அலைச் சத்தம்தான் கேட்டது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துபோயிட்டாராம். கையில அகப்பட்டதப் பிடிச்சுக்கிட்டாராம். தப்பு அவர் பேர்லதானாம். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறார்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தொரைமாருங்க அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் அய்யா" என்றாள். எழுந்து போகவில்லை. பிறகு, "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.